மகளைத் தேடிக் கம்பம் போன நாள்

மகளின் டீச்சர் போன் செய்தபோது காமயகவுண்டன்பட்டியில் திராட்சை வெட்டிக்கொண்டிருந்தேன். என் ஐந்து வயது மகன் பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வலிப்பு நோய். மூன்று வருடமாக அவனை யாரிடமும் விட்டதில்லை.

"பாப்பா இன்னைக்கு ஸ்கூலுக்கு வரலையேம்மா?"

காலையில் தலை பின்னி அனுப்பினேனே என்று சொல்ல வாயெடுத்தேன். நான் பின்னவில்லை. அவளுக்குப் பத்து வயது; அவளே பின்னிக்கொள்வாள்.

ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறியிருந்த கணவருக்கு லைன் கிடைக்கவில்லை. மகனைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தேன். கூட வேலை செய்த அக்கா அவனைப் பிடுங்கிக்கொண்டார்.

"வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், அம்புட்டுத்தான? நான் பாத்துக்கிறேன். நீ போத்தா!"

பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடைக்காரர் சொன்னார்: "கம்பம் பஸ்ல ஏறிச்சும்மா. தனியாத்தான்."

பஸ்ஸில் என்னால் உட்கார முடியவில்லை. வாய்க்கால், கிணறு, முகம் தெரியாத ஆட்கள் என்று மனம் எங்கெங்கோ ஓடியது. பாதி வழியில் போன் அடித்தது. மகனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து எடுத்தேன். கம்பத்தில் அவனுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியின் நர்ஸ்.

"ஒங்க மக இங்கனதான் இருக்கு. டாக்டரப் பாக்கணும்னு தனியா வந்திருக்கு."

ஆஸ்பத்திரிக்குள் போனதும் அவளை அடிக்கக் கை ஓங்கினேன். டாக்டரம்மா தடுத்தார். "முதல்ல அவ சொல்றதக் கேளுங்க."

மகள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "தம்பி சின்னப்புள்ளையா இருக்கப்ப கட்டில்ல இருந்து தள்ளிவிட்டேன்மா. வேணும்னேதான். அதுக்கப்புறந்தான் வலிப்பு வந்துச்சு. சொன்னா என்னைய எங்கயாச்சும் விட்டுருவீகன்னு…"

மூன்று வருடம் இதைச் சுமந்திருக்கிறாள். அவன் உடம்பு வெட்டி இழுக்கும்போதெல்லாம் சொல்லாமலே தலையணை எடுத்து வருவாள். பொறுப்பான பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். அவளுக்கு என்ன பயம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"நீ தள்ளுனதால வரலடா," என்றார் டாக்டரம்மா. "ஸ்கேன் பாத்தாச்சு. தலையில அடிபட்ட அடையாளமே இல்ல. பிறக்கும்போதே மூளையில இருந்த கோளாறு."

"நெசமாவா?" என்று மூன்று தடவை கேட்டாள். பிறகுதான் அழுதாள்.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். பையன் சாப்பிட்டுத் தூங்குகிறான் என்றார். பஸ் வந்து நின்றது. மகள் ஏறாமல் நின்றாள்.

"என்னத்தா?"

"எனக்கும் வருமான்னு கேக்க மறந்துட்டேன்மா."

அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். வர வாய்ப்பு ரொம்பக் குறைவு என்றார் டாக்டரம்மா. வரவே வராது என்று சொல்லியிருக்கலாமே என்று எனக்குக் கோபம். மகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

இப்போது தம்பியின் செக்கப்புக்கு அவளும் வருகிறாள். கேள்விகளை நோட்டில் எழுதி எடுத்து வருவாள். சில கேள்விகளைக் கேட்க எனக்கே பயமாக இருக்கும். இருந்தாலும் அவள் படித்து முடிக்கும்வரை நான் குறுக்கிடுவதில்லை.