இடது உள்ளங்கையில் ஒரு ஊசி

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் குப்பை பிரிக்கிற ஷெட்டில் தாயம்மா ஆறு வருஷமாக வேலை செய்கிறார். வயது நாற்பத்து மூன்று. பாட்டில் கைக்கு வந்தால் முதலில் மூடியைத் திருகி எடுப்பார். மூடி ஒரு பிளாஸ்டிக், பாட்டில் வேறு பிளாஸ்டிக். பிறகு லேபிளைக் கிழிப்பார். கடைசியாக இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து நசுக்கிக் கோணியில் போடுவார். நசுக்காத பாட்டிலை லாரிக்காரர் ஏற்ற மாட்டார். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பாக்கெட்டுகளை எடுக்க ஆளே இல்லை. அவை மூட்டை மூட்டையாகக் கூரை வரை நிற்கின்றன. கொடுத்த கையுறைகள் எல்லாம் ஆண்கள் அளவு. அவற்றைப் போட்டுக்கொண்டு மூடி திருக முடியாது.

குப்பையைப் பார்த்தே எந்த வீடு என்று அவருக்குத் தெரியும். யார் மறுபடி குடிக்கிறார், எங்கே குழந்தை பிறந்திருக்கிறது, எல்லாம் தெரியும். வாயைக் கிண்டினால், "மொதல்ல உங்க வீட்டு கதைய சொல்லட்டா?" என்பார். கேட்டவர் நகர்ந்துவிடுவார்.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. ஒன்றரை வருஷம் பெங்களூரு ரயிலில் போய்வந்தும் வேலை அமையவில்லை. இந்த ஷெட்டில்தான் கிடைத்தது. வீடு வீடாகப் போய்க் குப்பையைப் பிரிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஈரக் குப்பை தனி, உலர்ந்த குப்பை தனி, ஊசி இருந்தால் கெட்டியான டப்பாவில் போட்டுத் தனியாகக் கையில் கொடுங்கள். நானூறு வாசல்களில் இதைச் சொன்னேன். என் வீட்டில் சொல்லவில்லை.

என் தங்கை ஷில்பா பதினைந்து வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். பங்காருபேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவளைப் பிடித்துவிட்டது. சர்க்கரை விஷயத்தை அம்மா அவர்களிடம் மறைத்துவிட்டார். ஊசிகளைக் கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் போட்டு, மூடி, உலர்ந்த குப்பையோடு கொடுத்துவிடுவார். அது எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குத் தாயம்மா "ஸ்" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். நசுங்கிய பாட்டிலின் பக்கவாட்டிலிருந்து ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. அவருடைய இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு ரத்தம். பாட்டிலுக்குள் இருந்தவை ஷில்பாவின் ஊசிகள்.

சூப்பர்வைசர் மனோகர் ஓடி வந்தார்.

"ஏனூ ஆகல்ல அக்கா, ஒண்ணும் ஆவாது. சோப்பு போட்டு கழுவுங்க. வியாழக்கிழம ஆபீசருங்க வராங்க. இப்ப போயி ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு பெருசாக்கிடாதீங்க."

"உன் கைல குத்தியிருந்தா நீ சோப்பு தேடிக்கினு இருப்பியா மனோகரு?" என்றபடியே தாயம்மா குழாயடிக்குப் போனார். கழுவி முடித்ததும் நான் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் கையைப் பார்த்தார். "முதல் மாத்திரையை இப்பவே போட்டுக்கோங்க. யாருக்குப் போட்ட ஊசின்னு தெரிஞ்சா அவங்க ரத்தத்தைப் பார்த்துடலாம். எச்ஐவி இல்லன்னா மாத்திரையை நிறுத்திடலாம். தெரியலன்னா இருபத்தெட்டு நாள் சாப்பிடணும். எந்த வீட்டுது, தெரியுமா?"

தாயம்மா என் பக்கம் திரும்பினார். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வரன், அம்மாவின் முகம், ஷில்பா, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவற்றில் எது காரணம், எது சாக்கு என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"தெர்ல சார்," என்றார் தாயம்மா. "நானூறு வூட்டு குப்ப."

மறுநாளும் அவர் வேலைக்கு வந்தார். வராவிட்டால் அன்றைய கூலி கிடையாது. பதினோரு மணிக்குள் இரண்டு தடவை வெளியே போய் வாந்தி எடுத்தார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இன்னும் இருபத்தாறு நாளு," என்று வாயைத் துடைத்துக்கொண்டார். "மகளாண்ட வாயுத் தொல்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீயும் அதையே சொல்லு."

அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அதான் மாத்திர குடுத்துட்டாங்களே. சாப்ட்டா சரியாப் போவுது."

"மாத்திர ஒத்துக்கல. வாந்தி எடுக்குறாங்கம்மா."

"அதுக்கு? ஆஸ்பத்திரியில போயி நின்னா லைன் பூரா தெரிஞ்சிடும். இவள அப்புறம் யாரு கட்டிப்பாங்க, நீ கூட்டியாருவியா?"

ஷில்பா உள்ளேயிருந்து வந்தாள். "எப்ப குத்திச்சி?"

"நேத்து காலைல."

"நேத்திலேர்ந்து நீ சும்மாவா இருந்த?"

பிறகு அவளே முடிவு செய்தாள்.

"காலைல போலாம்," என்றாள். "பங்காருபேட்டைக்கும் நானே சொல்லிக்கிறேன்."

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி பெஞ்சில் தாயம்மா, ஷில்பா, நான் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ஷில்பாவின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் இருக்காது என்று நான் நம்பினேன். ஆனாலும் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன்.

"அது எங்க வீட்டு ஊசிங்க அக்கா," என்றாள் ஷில்பா.

"தெரியும். மூணு வருசமா தெரியும். மூடிய தொறந்ததும் ஊசிய நானே தனியா கொட்டிடுவேன். இன்னிக்கி ஆபீசருங்க வராங்கன்னு அன்னிக்கே மனோகரு ஒரே அவசரம். கொட்டாம நசுக்கிட்டேன்."

"அப்ப டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உன் கல்யாண விசயத்த நானா சொல்றது?"

கதவு திறந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "எச்ஐவி இல்ல. காமாலைக் கிருமியும் இல்ல. மாத்திரையை நிறுத்திடுங்கம்மா. அன்னிக்குப் போட்ட காமாலைத் தடுப்பூசிக்கு ரெண்டாவது டோஸ் மட்டும் அடுத்த மாசம் வந்து போட்டுக்கோங்க."

தாயம்மா மாத்திரைப் பையை டாக்டர் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். ஷில்பாவின் தோளைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவ கல்யாணம் ஆவப்போற பொண்ணு, பயந்தா நாயம். உங்கம்மா பெத்தவங்க, பயந்தாங்க. நீ படிச்சவன், என் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்த. நீ இன்னாத்துக்குபா பயந்த?"

 கேட்டுவிட்டு அவர் ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மதியம் நான் ஷெட்டுக்குப் போனபோது அதிகாரிகள் வந்திருந்தார்கள். தாயம்மா கட்டுப்போட்ட கையை அவர்கள் முன்னால் நீட்டியபடி நின்றார். பின்னாலிருந்து மனோகர் கண் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். தாயம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க கைக்கு ஆவுற கையுற குடுங்க சார். ஊசிக்கு டப்பா குடுங்க. குடுத்துட்டு போட்டோ புடிங்க."

அதிகாரி எந்த வீட்டு ஊசி என்று கேட்டார்.  நான் முன்னால் போய் நின்றேன்.

"எங்க வீட்டுது சார்," என்றேன்.