என் மடி நனைந்த மத்தியானம்

அன்பிய ஜெபக் கூட்டத்துக்கு வந்திருக்கும் மக்களே, சாட்சி சொல்பவர்கள் கண்ணீரோடு சொல்வார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. கோபத்தோடேயே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்த வாரம். சிதம்பரத்தில் அண்ணி வீட்டுக்கு, அதாவது என் கணவரின் அக்கா வீட்டுக்கு, போயிருந்தோம். என் மகன் ஜோவனுக்குப் பத்து மாதம். வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாந்தி, பிறகு தண்ணீராகப் பேதி.

"இது தொக்கம்தான் ஸ்டெல்லா. தொண்டையில என்னமோ சிக்கிக்கினு இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசி போட்டே கெடுத்துடுவாங்க," என்றார் அண்ணி.

தொக்கம் எடுக்கும் அம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் குழந்தையின் தொண்டைமேல் குழலை வைத்து உறிஞ்சி, ஒரு தேங்காய்ச் சில்லைத் துப்பிக் காட்டினார். "சாயந்திரம் வரைக்கும் பச்சத்தண்ணி கூடக் குடுக்காத. வயிறு காயட்டும்."

என் பிள்ளை அதுவரை தேங்காயே தின்றதில்லை. பால், கேழ்வரகுக் கூழ், அவ்வளவுதான். அதோடு நான் யார்? கடலூரில் ஒரு லேபில் டெக்னீஷியன். குழந்தைகளின் மலத்தைப் பரிசோதித்து, வைரஸ் இருக்கிறதா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அப்படிப்பட்ட நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அண்ணி முகம் கோணக் கூடாதாம்! இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சாயந்திரம் அவன் கண் உள்ளே போய்விட்டது. அழுதான், கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டிரிப்ஸ் ஏற்றினார்கள். மறுநாள் காலையிலும் மூத்திரம் போகவில்லை. "மத்தியானத்துக்குள்ள போகலைன்னா புதுச்சேரிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க. கிட்னி தாங்காது," என்றார் டாக்டர். மலப் பரிசோதனையும் எழுதினார்.

பாம்பர்ஸிலிருந்து வழித்துக் கொடுத்தேன். லேபிலிருந்து திரும்பி வந்தது. "பஞ்சுல ஊறுனது ஆவாதும்மா. இதுகூடத் தெரியாதா?" எத்தனை தாய்மார்களிடம் இதே வார்த்தையை இதே குரலில் நான் சொல்லியிருக்கிறேன்!

பஞ்சு உறிஞ்சாமலிருக்க, பாம்பர்ஸைத் திருப்பி, பிளாஸ்டிக் பக்கம் உள்ளே வரும்படி கட்டினேன். அவனை மடியில் போட்டுக்கொண்டு ஆண்டவரோடு சண்டை போட்டேன். "புத்தி கெட்டுப் போனவ நானு. எம்புள்ள என்னா பண்ணான் உமக்கு? வாயத் தொறந்து பதில் சொல்லும். ஒரே ஒரு தடவை இவன் மூத்திரம் போவணும். வேற எதுவும் கேக்கல."

பதினொரு மணிக்கு, பிளாஸ்டிக்கில் தேங்கிய மலத்தை டப்பாவில் எடுத்துக் கொடுத்தேன். பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. ரோட்டா வைரஸ். டாக்டர் முன்பு எழுதியிருந்த ஆன்டிபயாடிக்கைச் சீட்டில் அடித்துவிட்டார். "வைரஸுக்கு இது கேக்காது. உடம்புல தண்ணி குறையாம பாத்துக்கணும். ஓஆர்எஸ் ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. வாந்தி எடுத்தாலும் விடாதீங்க."

அந்தத் தண்ணீரைத்தான் ஒரு பகல் முழுக்க நான் நிறுத்தி வைத்திருந்தேன். அந்த ஆத்திரத்திலேயே ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுத்தேன்.

ஒன்றரை மணிக்கு என் மடி சுட்டது. மூத்திரம் போனால் உடனே தெரியட்டும் என்று திருப்பியே கட்டியிருந்த பாம்பர்ஸ் ஒழுகி, சுடிதாரெல்லாம் ஈரம்.

"ஐயோ, துணியெல்லாம் நனையுது பாரு," என்றார் அண்ணி.

"நனையட்டும் அண்ணி!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.

ஜோவன் இப்போது நடக்கிறான். தொக்கம் எடுத்ததால்தான் பிழைத்தான் என்று அண்ணி இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். லேபுக்கு ஊறின பாம்பர்ஸோடு யாராவது வந்தால் நான் இப்போது சீறுவதில்லை. வெளியே வந்து, எப்படித் திருப்பிக் கட்டுவது என்று காட்டிக் கொடுக்கிறேன்.

ஆண்டவருக்கு நன்றி. அவரை நம்புங்கள். கோபம் வந்தால் கோபத்தோடேயே கேளுங்கள், தாங்கிக்கொள்வார். பிள்ளைக்கு மட்டும் தண்ணீரை நிறுத்தாதீர்கள்.