நான் தடவிப் பார்த்துக் கொடுத்த டயர்

எழுபதுகளில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் திருவொற்றியூர் பட்டறை ஒன்றில் வேலை செய்தேன். என்னோடு தொழில் கற்ற சேவியர் ஒரு பழைய குட்டிக் கார் வாங்கி, பெரிய கார்புரேட்டர் மாட்டி, சோழவரம் கார் பந்தயத்துக்குத் தயார் செய்தான். ராயபுரத்தில் அவன் தெருவே அந்தக் காரைச் சுற்றி நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசும் எனக்கு வயிறு எரிந்தது.

“டயரு மட்டும் நீ பாத்துக் குடு மாமு. உன் கை சொன்னா கரெக்டா இருக்கும்,” என்றான்.

டயருக்குள் கையை விட்டுத் தடவித்தான் நாங்கள் நல்லது கெட்டது பார்ப்போம். ஒரு டயரின் உள்ளே, ரப்பரைத் தாங்கும் நூல் அறுந்திருந்தது என் விரலுக்குத் தெரிந்தது. வெளியே புது ரப்பர் பளபளத்தது. “நல்லாக் கீது,” என்றேன். பந்தயத்தில் பாதியில் நின்று அவன் தலைகுனியட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிறு காலை எண்ணூர் சாலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான். மனைவியையும் மகளையும் பின்னால் ஏற்றிவிட்டு, எனக்கு முன்கதவைத் திறந்தான்.

“டயரு குடுத்தவன் நீ, முன்னாடி குந்து. இன்னாத்துக்கு வெக்கப்பட்டுகினு நிக்கிற?”

நான் ஏறவில்லை. “அவங்கள எறக்கு சேவியரு. பின் டயருல உள்ள நூலு அறுந்துகீது, வெடிச்சிரும். தெரிஞ்சேதான் குடுத்தேன்,” என்றேன். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது.

அவன் மகளைத் தூக்கி இறக்கினான். பிறகு ஜாக்கியை என் கையில் கொடுத்தான்.

“நீயே கயட்டு.”

அதன் பிறகும் அவன் என்னோடு பேசினான், சிரித்தான். டயரை மட்டும் வேறு பட்டறையில் வாங்கினான். அது நியாயம்தான். ஆனாலும் இன்னொருவன் தடவிப் பார்த்த டயரில் அவன் போவதைப் பார்க்கும்போதெல்லாம், முன்னைவிட அதிகமாக எனக்கு வயிறு எரிந்தது.