காது அடைப்புக்கு வந்தவர்

எங்கள் கிளினிக்கில் அக்கா என்றால் ஒருவர்தான். நர்ஸ் பிராக்டிஷனர். அதாவது டாக்டர் பக்கத்தில் இல்லாமலே நோயாளியைப் பார்த்து, மருந்தும் எழுதிக் கொடுக்க உரிமை பெற்ற நர்ஸ். டாக்டர் திங்கட்கிழமை மட்டும் தலைகாட்டுவார். மற்ற நாளெல்லாம் அக்கா ராஜ்ஜியம். நான் வாசல் மேஜையில் உட்கார்ந்து, பெயரைப் பதிந்து, ஆளை உள்ளே அனுப்புகிறவள். பல வருஷமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் சொல்கிறேன், கைராசிக்காரர். அவர் ஊசி போட்டால் குழந்தைகள் அழ மறந்துபோய், வாசலுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்து அழும்.

நோயாளியைப் பார்ப்பதில் அக்காவுக்கு அலுப்பே கிடையாது. பார்த்ததை எழுதுவதுதான் அவர் உயிரை வாங்கியது. ஒருவருக்கு வெறும் இருமல் என்றாலும் எப்போதிருந்து, சளி உண்டா, என்ன நிறம், முன்னால் என்ன மருந்து என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் அந்த ஆளைப் பார்க்கவே இல்லை என்று மேலிடம் சாதிக்கும். அந்த மகாராசர்கள் ஒரு காய்ச்சல்காரனின் நெற்றியையாவது தொட்டிருப்பார்களா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

அக்கா இதற்கு ஒரு வழி பழகி வைத்திருந்தார். கண் நோயாளியின் முகத்தில் இருக்கும். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்ததும் விரல்கள் தானாக ஓடும். விசைப்பலகையைக் குனிந்து பார்க்கவே மாட்டார். ஒருமுறை அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, டீத்தூள் தீர்ந்துவிட்டது என்று நான் போய்ச் சொன்னேன். அது ஒரு குழந்தையின் காய்ச்சல் குறிப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நல்லவேளை, அவரே பார்த்து அழித்தார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்படி ஓட்டியும் வேலை மிஞ்சும். மிஞ்சியது மடிக்கணினியோடு வீட்டுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுவார். அவர் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அதிர்ந்து பேசாத மனுஷன். தட்டு வைக்க இடமில்லை என்று அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போவாராம். உங்க வீட்டுக்கும் நானே வந்து டோக்கன் குடுக்கட்டுமா என்று அக்காவைக் கேலி செய்திருக்கிறேன்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. அக்காவின் குறிப்புகளை வரிசையாகப் படித்துக் கையெழுத்துப் போட உட்கார்ந்த டாக்டர், திடீரென்று என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை வந்த தையல்காரரை உடனே வரச்சொல், மாரடைப்புக்கான அறிகுறி அத்தனையும் இருக்கிறது, எப்படி வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று சத்தம் போட்டார். தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு ஓடிவந்தார். பின்னாலேயே அவர் மனைவி, வரும்போதே அழுகை.

ஈசிஜி எடுத்தார்கள். கல்லு மாதிரி இருந்தார் மனுஷன். காது அடைப்பு என்றுதான் வந்தேன், நர்ஸம்மாதான் சொட்டு மருந்து கொடுத்தார்கள் என்றார். அக்காவும் வந்து குறிப்பின் மேல்பாதியைப் பார்த்தார். காது அடைப்பு என்று தெளிவாகத்தான் இருந்தது. மாரடைப்பு அறிகுறி எதையும் நான் எழுதவே இல்லை, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று கோபமாகச் சொன்னார். டாக்டர் கீழ்ப்பாதியை வாய்விட்டுப் படித்தார். மூன்று நாளாக இப்படி இருக்கிறது. தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது. தோள் வழியாகத் தாடை வரைக்கும் இழுக்கிறது. வியர்த்துக் கொட்டுகிறது.

"எங்க வீட்டுல மாடியே கிடையாதுங்களே," என்றார் தையல்காரர்.

கட்டியிருந்த அக்காவின் கை அவிழ்ந்து தொங்கியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இது இவர் இல்ல. இது எங்க வீட்டுக்காரர்."

அக்கா வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கெட்டுக் கிடப்பதாக அவரே புலம்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தையல்காரரின் குறிப்பு திறந்திருந்த நேரத்தில் வாத்தியார் வந்து தன் உடம்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். விரல் கேட்டு எழுதிவிட்டது. பெண்டாட்டி கேட்கவில்லை.

வாத்தியாரின் போன் அணைந்திருந்தது. பள்ளிக்கூடத்து அலுவலகத்துக்கு நான் போட்டேன். விடைத்தாள் கட்டோடு இப்போதுதான் மாடிக்குப் போனார் என்றார்கள். அக்கா போனைப் பிடுங்கி, அவரைப் படியேற விடாதீங்க, எங்கே நிற்கிறாரோ அங்கேயே உட்கார வையுங்க என்று கத்தினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. போய்ப் பார்த்தபோது அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாராம், படி திரும்புகிற இடத்தில், சட்டை நனைந்து, பேச்சு வராமல்.

ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இதயக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் என்றார்கள்.

மறுநாள் நான் பிளாஸ்கில் காபியோடு போனேன். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"ஏங்க, நான் கவனிக்கலன்னா என் தோளைப் பிடிச்சு உலுக்கி இன்னொரு தடவ சொல்லக் கூடாதா?"

வாத்தியார் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். குற்றம் சொல்கிற குரலே இல்லை. வகுப்பில் கணக்கை விளக்குகிற மாதிரிதான் சொன்னார்.

"நீ நல்லாத்தானே கவனிச்ச? என் முகத்தைப் பார்த்துக்கிட்டே எத்தனை நாளா இருக்குன்னு கேட்ட. மூணு நாளான்னேன். வேற ஏதாவது தொந்தரவு இருக்கான்னு கேட்ட. வேர்க்குதுன்னேன். சரி, போய்ட்டு வாங்க, அடுத்தவங்கள வரச் சொல்லுங்கன்னுட்ட."

அக்கா கட்டிலுக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். வாத்தியார் மேலே சொன்னார்.

"வீட்டுல நம்ம ரெண்டு பேருதானே இருக்கோம், யார வரச் சொல்றதுன்னு கொஞ்ச நேரம் அங்கேயே நின்னேன்மா. அப்புறம் தண்ணி கேன் எடுத்துட்டு வரக் கீழ போனேன்."