மனுவின் மூலையில் எழுதிய துறை

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளில் என் வேலை, ஒவ்வொரு மனுவையும் படித்து, அது எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று இடது மூலையில் எழுதுவது. கணினியில் பதிவு செய்பவர் அதைப் பார்த்து அனுப்பிவிடுவார். முப்பது வருடம் அரசுக் காகிதம் படித்தவன் நான். கையெழுத்து எவ்வளவு கிறுக்கலாக இருந்தாலும் புரிந்துவிடும். அந்த மனுவும் புரிந்தது. புரியாமல் தவறு செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கொண்டு வந்தவர் மேலப்பாளையத்து ஆட்டோக்காரர். அவர் கையைப் பிடித்தபடி ஐந்து வயது மகள். பிறவியிலேயே காது கேளாதவள்.

"அண்ணாச்சி, இவளுக்கு வெளிய மாட்டுத மெசின் பத்தாதாம். ஆப்பரேசன் பண்ணி உள்ள வைக்கணும்னு டாக்டர் சொல்லுதாரு. ஆறு வயசுக்குள்ளன்னாத்தான் சர்க்கார் செலவுல செய்வாங்களாம். இன்னும் நாலு மாசந்தான் கெடக்கு."

"பாத்துக்கிடுதேன், போங்க" என்றேன்.

சுகாதாரத் துறை என்று எழுதப் பேனாவை எடுத்தேன். பக்கத்து மேசை நண்பர் எட்டிப் பார்த்தார்.

"என்னவே, புத்தி கெட்டுப் போச்சா? அங்கன போன மனு லேசுல திரும்பாது. நிலுவை ஏன்னு கலெக்டர் கூட்டத்துல கேட்டா ஏச்சு வாங்கப் போறது நீரா, நானா? காதுதான, மாற்றுத்திறனாளி ஆபீசுக்குத் தள்ளும். ஒரே வாரத்துல மெசினக் குடுத்து முடிச்சிருவாங்க."

நான் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. ஒரு நிலுவையும் வைக்காமல் போனான் என்று பேர் எடுக்க எனக்கு ஆசை. மாற்றுத்திறனாளிகள் நலம் என்று எழுதினேன்.

அடுத்த திங்கட்கிழமையே மாற்றுத்திறனாளிகள் நல அதிகாரி அவள் காதில் கருவியை மாட்டினார். நாங்கள் கைதட்டினோம். அவள் எங்கள் கைகளைப் பார்த்துச் சிரித்தாள். மனு முடிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று.

இரண்டு வாரம் கழித்துத் தகப்பனார் தனியே வந்தார்.

"ஒண்ணும் கேக்கலையே, அண்ணாச்சி. ஆப்பரேசனுக்குச் சொன்னது என்னாச்சு?"

அன்றைக்கே புதிதாக ஒரு மனு வாங்கிச் சரியான இடத்துக்கு அனுப்பியிருக்கலாம். நாள் இருந்தது. ஆனால் முடித்த மனுவை ஏன் தப்பாக அனுப்பினாய் என்ற கேள்வி வரும்.

"போட்டுப் பழகணும்லா. பையக் கேக்கும்" என்றேன். அவர் நம்பிப் போனார்.

நான் ஓய்வு பெற்றுச் சில வருடம் ஆகிவிட்டது. போன மாதம் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. "ஏறுங்க அண்ணாச்சி" என்ற குரலை வைத்துத்தான் அவரை அடையாளம் தெரிந்தது. பின்னால் பள்ளிச் சீருடையில், இரட்டைச் சடையோடு அவள். அவர் திரும்பி என்னைக் காட்டி, தன் காதைத் தொட்டு, கையை நெஞ்சில் வைத்தார்.

"மெசின் வாங்கித் தந்தவங்கன்னு சொல்லுதேன்."

அவள் எனக்கு சலாம் வைத்தாள்.

"இப்ப மாட்டுதாளா?"

"எங்க? அது பெட்டிக்குள்ள கெடக்கு. எங்க நசீபு அவ்வளவுதான். நீங்க என்ன செய்வீங்க?"

வீடு வரும்வரை அவள் பக்கத்திலேயே இருந்தேன். நான் என்ன சொல்லியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது.