சர்டிபிகேட் தேதியில் பிறந்த மூன்று ஆல்பங்கள்

எனக்கும் என் சிநேகிதனுக்கும் ஒரே பிறந்த நாள். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே நாள்தான். அரியலூர்ப் பக்கத்துச் சின்ன ஊரில் ஒரே நாளில் அத்தனை பிரசவம் நடந்திருந்தால் ஊர் தாங்கியிருக்காது. நடந்தது வேறு. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க எங்களை வரிசையாக நிறுத்திய தலைமையாசிரியர், வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டவனுக்கு ஐந்து வயது. எட்டாதவன் அடுத்த வருஷம் வர வேண்டும். பிறந்த தேதி என்னவென்று அம்மாக்களைக் கேட்டார். கடலைக் கொல்லையில் களை வெட்டும்போது வலி எடுத்தது என்றாள் என் அம்மா. ஏரி உடைஞ்ச வருஷம் என்றாள் அவன் அம்மா. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஜூன் பிறந்ததும் வருகிற ஒரு தேதியை எங்கள் எல்லாருக்கும் எழுதிவிட்டார்.

அந்தத் தேதியோடுதான் வளர்ந்தோம். அதை வைத்துத்தான் பரீட்சை எழுதினோம், லைசென்ஸ் வாங்கினோம். இன்று பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமுமாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களின் பிறந்த தேதிகளைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். என் வயதுக்காரர் யார் வந்தாலும், அவர் வாயைத் திறக்குமுன் என் விரல் ஜூனுக்குப் போய்விடும். பத்தில் ஆறு சரியாக இருக்கும்.

அவன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் மைன்ஸில் டம்பர் லாரி ஓட்டினான். ஒரு வீட்டளவுக்குப் பெரிய வண்டி அது. கீழே நிற்கிற ஆளுக்கு அதன் சக்கரமே வானத்தை மறைக்கும். இருபத்தைந்து வருஷம் அந்த இன்ஜின் மேலே உட்கார்ந்திருந்தான். பள்ளத்தில் கிடைக்கும் கல்லான சிப்பிகளை எப்போதாவது எனக்குக் கொண்டுவருவான். நத்தை மாதிரிச் சுருண்ட ஒன்று என் மேஜையில் காகிதங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இங்கே கடல் இருந்த காலத்தது என்கிறார்கள். “இதுக்கு என்னடா பொறந்த தேதி போடுவ?” என்று கேட்டான். ஜூன் என்றேன்.

எங்கள் இரண்டு கேசட்டுகளின் கதையையும் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயதில் போலீஸ் செலக்‌ஷனுக்குத் திருச்சி போனோம். அவன் உயரத்தில் அடிபட்டான், நான் மார்பளவில். திரும்பும் வழியில் பிளாட்பாரத்தில் பழைய கேசட்டுகளைக் குவித்துப்போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அட்டைப் படத்தைப் பார்த்து ஆளுக்கொன்று எடுத்தோம். வீட்டில் வந்து போட்டால் இரண்டுமே எங்கோ தூரதேசத்து ராக். என்னுடையது மெதுவானது. கிட்டார் ஒன்று வெயில் காலத்து ரோடு போல நீண்டுகொண்டே போகும். அவனுடையது முழுக்க அடி. டிரம்ஸ்காரன் யார்மேலோ உள்ள கோபத்தையெல்லாம் தோல்மேல் இறக்கியிருந்தான். ஒரு வார்த்தை புரியவில்லை எங்களுக்கு. புரியாதது சௌகரியமாகவும் இருந்தது. தோற்றுப்போன இரண்டு பேரின் பாட்டு அது என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

அதிலிருந்து சண்டை. உன்னுது பெருசா, என்னுது பெருசா. “உன்னுது தூக்க மாத்திரை மாப்ள” என்பான். “உன்னுது தகரப் பட்டறை” என்பேன். கல்யாணம் ஆகிற வரைக்கும் இது ஓடியது.

ஏழெட்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரத்தில், எங்கள் சர்டிபிகேட் தேதியைப் போட்டு அன்றைக்கு என்னென்ன நடந்திருக்கிறது என்று தேடினேன். அந்தத் தேதியில் வெளியான பழைய ராக் ஆல்பங்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. முதல் வரியில் அவனுடையது. இரண்டு வரி தள்ளி என்னுடையது. வருஷம் வேறு, தேதி ஒன்று. எழுந்து ரோட்டுக்குப் போய் நின்றேன். உட்கார முடியவில்லை. அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன்.

“நெசமாவா?” என்றான்.

“இன்னொரு லிஸ்டுல உன்னுதுக்கு மட்டும் நாலு நாள் முன்ன போட்டுருக்கான்.”

“அந்தக் கம்பெனிலயும் ஒரு ஹெட்மாஸ்டர் இருந்துருப்பாரு, உடு.”

அந்த வருஷத்திலிருந்து எங்களுக்கு அது வழக்கமாயிற்று. சர்டிபிகேட் பிறந்த நாளன்று கடையைச் சாத்திவிட்டு அரியலூர் பஸ் ஏறிவிடுவேன். அவன் லீவு போட்டிருப்பான். பத்து மணி வாக்கில் அவன் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கரைக் காலடியில் வைத்து, இரண்டு ஆல்பத்தையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்போம். ஒரு வருஷம் அவனுடையது முதலில், மறு வருஷம் என்னுடையது. அவன் மனைவி இடையில் கேசரி கொண்டுவந்து வைப்பாள். “ரெண்டு பேருக்கும் இல்லாத பொறந்த நாளுக்கு என் கையால கேசரி” என்பாள்.

போன வருஷம் அவனுடையது முதலில் வர வேண்டிய முறை. நான் மறந்துவிட்டு என்னுடையதைப் போட்டுவிட்டேன். தவறு தெரிந்து கையை நீட்டினேன். அப்படியே நின்றுவிட்டது கை.

அவன் கண்ணை மூடியிருந்தான். நாற்காலிக் கையில் விரல்களால் தட்டிக்கொண்டிருந்தான். அறை முழுக்க என் கிட்டார் மெல்ல மெல்ல நீண்டுகொண்டிருந்தது. அவன் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவனுடைய டிரம்ஸ் அது. அடிக்கு அடி, ஒன்றுகூடப் பிசகவில்லை. ஓரிடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கி மறுபடி ஆரம்பித்தான். அவன் பாட்டில் அந்த இடத்தில்தான் டிரம்ஸ் நிற்கும்.

நான் பாட்டை நிறுத்தினேன். அவன் நிறுத்தவில்லை.

சத்தம் அடங்கியதைக் கேட்டு அவன் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். கேசரித் தட்டோடு வாசலிலேயே நின்றாள். மௌனமான அறையில் அவன் விரல்கள் மட்டும் தடதடவென்று. பாட்டு முடிகிற இடத்தில் முடித்து, கண்ணைத் திறந்து, “எப்புடி அடிச்சுருக்கான் பாத்தியா” என்றான். அப்புறம் எங்கள் முகத்தைப் பார்த்தான். ஸ்பீக்கரைப் பார்த்தான். அதன் விளக்கு அணைந்திருந்தது.

“எத்தினி நாளாடா?” என்றேன். உரக்கக் கேட்க வேண்டியிருந்தது.

அவள்தான் சொன்னாள். “நான் கூப்புட்டா திரும்ப மாட்டாருண்ணே. கல்யாணம் ஆனதுலேருந்தே அப்படித்தானே, அதனால எனக்கு வித்தியாசம் தெரியல.” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மூன்று வருஷமாக என்று பிறகு தெரிந்தது. இடது காது முக்கால்வாசி போய், வலது காதும் பாதிக்கு மேல் போயிருந்தது. பேசுகிறவர் உதட்டைப் பார்த்துச் சமாளித்திருக்கிறான். மூன்று வருஷமாக என் எதிரில் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்தே தட்டி, என் ஆல்பம் ஓடும்போது தலையை மெதுவாக ஆட்டி, கேசரி சாப்பிட்டு, என்னை அனுப்பியிருக்கிறான்.

டெஸ்டுக்குப் போகலாம் என்று நானும் அவளும் மாறி மாறிச் சொன்னோம். மாட்டேன் என்றான். காதில் மெஷினை மாட்டிக்கொண்டு போனால் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள். டயர் செக்‌ஷனில் உட்காரவைத்துவிடுவார்கள். “பின்னாடி ஆளு நின்னா எனக்குக் கண்ணாடில தெரியும்” என்றான். அவன் மனைவி என்னைப் பார்த்தாள். மைன்ஸில் யாரோ ஒருவர் கத்தி, இவன் திரும்பாமல் போய், அந்த ஆள் பாய்ந்து விலகிய கதையை, இவன் கவனக்குறைவு என்றே நினைத்து, அவள் எனக்கு முன்பே போனில் சொல்லியிருந்தாள்.

பாட்டைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். அதற்கு அவன் சொன்ன பதிலைத்தான் என்னால் எதிர்கொள்ள முடியவில்லை. “எனக்குத்தான் மனப்பாடமா இருக்கே மாப்ள. அப்பறம் காது எதுக்கு?”

பஸ்ஸில் திரும்பி வரும்போதும், அதற்கடுத்த வாரங்களில் கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் அதையே மென்றுகொண்டிருந்தேன். நியாயமாகத்தான் இருந்தது. முப்பது வருஷம் கேட்டாகிவிட்டது. உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன. ஒரு பையன் வந்து சான்றிதழ் நகல் கேட்டான், வேறு யாருடையதையோ கொடுத்தேன். நடந்தேன். டீக்கடைவரை போய்க் குடிக்காமல் திரும்பி வந்தேன். மறுபடி அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவனுடையதற்கும் என்னுடையதற்கும் நடுவில் ஒரு வரி இருந்தது. இத்தனை வருஷமும் கண்ணில் பட்டிருக்கிறது, அதைப் போட்டுப் பார்க்கத் தோன்றியதில்லை. அதே தேதியில் வெளியான மூன்றாவது ஆல்பம். நானும் கேட்டதில்லை, அவனும் கேட்டதில்லை.

அன்றைக்கே பஸ் ஏறினேன். அவன் வீட்டு வாசலில் லுங்கியோடு பைக் துடைத்துக்கொண்டிருந்தான். முன்னால் போய் நின்று, உதடு தெரியும்படி சொன்னேன்.

“அந்தத் தேதில மூணாவதா ஒண்ணு இருக்கு. உனக்கு மனப்பாடம் இல்லாதது. நானும் கேக்கல. நீ கேக்குற வரைக்கும் கேக்க மாட்டேன்.”

“நீயா? உன்னால அஞ்சு நிமிஷம் சும்மா இருக்க முடியாதேடா.”

“இருக்கேன், பாரு.”

துணியைப் பிழிந்தான். பைக்கின் மறுபக்கம் போனான். “நல்லாருக்குமா?” என்று அங்கிருந்து கேட்டான்.

“கேக்கலன்னுதான சொல்றேன்.”

அதோடு வந்துவிட்டேன். எனக்கு அது சின்ன விஷயமில்லை. ஒரு தட்டு தட்டினால் போன் பாடிவிடும். மழைக்காலம் முழுக்க, பொங்கல் தாண்டியும், அந்த வரிமேல் என் விரல் வந்து வந்து போனது. ஒருமுறை தெரியாமல் பட்டு முதல் ஒலி எழுந்துவிட்டது. கடையில் நின்றவர்கள் திடுக்கிடும்படி போனைக் கவிழ்த்தேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள், வாடிக்கையாளர் ஒருவருக்குத் தேதி தட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. அவன்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று, வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டான். விரல் பட்ட இடத்தில் பழுப்பு நிறத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு மெஷின். வலது காதிலும் ஒன்று.

“எட்டுது சார்” என்றான். “சேத்துக்குவீங்களா?”

வாடிக்கையாளர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

டெஸ்ட் எடுத்த இடத்தில் வயது கேட்டார்களாம். “காதோட வயசா, சர்டிபிகேட் வயசா?” என்று இவன் கேட்க, அந்தப் பெண் சிரித்து இரண்டையும் எழுதிக்கொண்டாளாம். மைன்ஸில் அவன் பயந்தது நடந்துவிட்டது. டம்பரைக் கொடுக்கவில்லை, டயர் செக்‌ஷன்தான். அதைச் சொல்லும்போது மேஜையிலிருந்த சுருள் கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கீழ எறங்கிப் பாத்தாதான் வண்டி எவ்ளோ ஒசரம்னு தெரியுது” என்றான்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. மெஷின் வந்த புதிதில் அவனுக்கு உலகம் இரைச்சலாக இருந்தது. தன் வாயில் அப்பளம் நொறுங்குவதே காதை அடைத்தது. அவள் வளையல் சத்தம் இவ்வளவு பெரிதா என்றான். அவனுடைய ஆல்பத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறான். “தகரக் கொட்டாய்ல மழ பேயுற மாதிரி இருக்குடா. உள்ள ஓடுறது ஒண்ணு, வெளிய ஓடுறது ஒண்ணு” என்றான் போனில். கழற்றி அலமாரியில் வைத்துவிட்டானாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழகும் என்று டெஸ்ட் எடுத்த பெண் சொல்லியிருந்தாள். சித்திரையில் மறுபடி எடுத்து மாட்டினான். முதலில் ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள்.

இந்த வருஷம் சர்டிபிகேட் பிறந்த நாள் வந்தது. பஸ் ஜன்னலில் அனல். மடியில் ஸ்பீக்கர். போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே பயம்தான். அவனுக்குக் கேட்காமல் போனால், கேட்பதுபோல் நடிக்கவும் இந்தப் பாட்டில் அவனுக்கு வழி இல்லை. அந்த வழியை அடைத்தது நான்தான்.

நாற்காலிகள் அதே இடத்தில் இருந்தன. அவள் இந்த முறை சமையலறைக்குப் போகவில்லை. கதவோரம் சாய்ந்து நின்றாள். மூன்றாவது ஆல்பத்தைப் போட்டேன்.

முதல் பாட்டு முழுக்க அவன் கை அசையவில்லை. கண்ணையும் மூடவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான், பஸ் வருகிற திசையைப் பார்ப்பதுபோல். இடையில் ஒருமுறை இடது மெஷினைத் திருகினான். எனக்கும் அந்தப் பாட்டில் ஒன்றும் பிடிபடவில்லை. அவன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பாட்டு பாதி தாண்டியபோது ஒரு விரல் எழுந்தது. தட்டியது. தப்பு. அடி விழுந்து அரைக் கணம் கழித்து விழுந்தது அவன் தட்டு. மறுபடி தட்டினான், இப்போது முந்திவிட்டது. டிரம்ஸ் நின்ற இடத்தில் இவன் நிற்காமல் போய் ஒற்றையாக நாற்காலியில் ஓர் அடி விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். நிறுத்தினான். காத்திருந்து பிடித்தான், நழுவவிட்டான், திரும்பப் பிடித்தான். போன வருஷம் ஓர் அடி பிசகாமல் தட்டிய அதே கை. நான் அவளைப் பார்த்தேன். அவளுக்குப் பாட்டு தெரியாது, ஆனால் தப்பு தெரிந்தது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

நாலாவது பாட்டில் அவன் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“மாப்ள, ஒண்ணு சொல்லவா?”

“சொல்லு.”

“இது நல்லாவே இல்லடா. மொக்க. இதுக்காடா என்னக் காதுல இதெல்லாம் மாட்ட வெச்ச?”

“எனக்கும் புடிக்கலதான்” என்றேன்.

“பதினோரு மாசம் கேக்காம வெச்சிருந்தியே, பாவி.”

கதவோரத்திலிருந்து அவள் சாதாரணக் குரலில், எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல், “அப்பக் கேசரி எடுத்தாரவா?” என்றாள்.

நான் வாயைத் திறக்குமுன் அவன் திரும்பினான். “முந்திரி நெறையாப் போட்டியா?” என்றான். பிறகு என் பக்கம் கையை நீட்டினான். “அந்தப் போனக் குடு. இதே தேதில நாலாவதா ஏதாச்சும் இருக்கான்னு பாப்போம்.”