கர்ச்சீப்பும் குளோரோஃபார்மும்

ஒரகடத்தில், இயந்திரங்களுக்கு அக்ரிலிக் பலகையில் மூடி செய்யும் சின்னப் பட்டறையில் எனக்கு வேலை. ஒட்டுவதற்குப் பசை கிடையாது, குளோரோஃபார்ம்தான். சிரிஞ்சில் எடுத்து இணைப்பில் ஓடவிட்டால் இரண்டு பலகையும் லேசாகக் கரைந்து ஒன்றாகிவிடும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இதைத் தென்காசியிலிருக்கும் அம்மாவிடம் போனில் உளறிவிட்டேன்.

"கர்ச்சீப்புல ஊத்தி ஆளத் தூக்குவானுவளே, அந்தச் சனியனையா தொடுத? பெட்டியக் கட்டுலே!"

மூக்கில் வைத்ததும் யாரும் விழமாட்டார்கள், கொஞ்ச நேரம் ஆகும் என்றேன். "அப்ப விழுவான்லா?" என்றாள். அம்மாவைப் பேச்சில் ஜெயிக்க முடியாது.

ஆயுத பூஜையன்று குடும்பத்தாரைப் பட்டறைக்குள் விடுவார்கள். என் துணிமணியை அள்ளிப் போக அம்மா ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினாள். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மூட்டே தெரியாமல் ஒட்டுகிறேன் என்று கொஞ்சம் திமிர்கூட வந்திருந்தது.

குளோரோஃபார்ம் பாட்டிலுக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

எங்கள் சூப்பர்வைசர் அக்கா காஞ்சிபுரத்துக்காரர். சமாதானம் சொல்ல வந்தார்.

"இன்னாத்துக்கும்மா பயப்படறீங்க? அந்தக் காலத்துல இத்த மோக்க வச்சுதான் ஆபரேஷனே பண்ணாங்க. சில பேருக்கு இதயம் நின்னு போச்சுன்னு வுட்டுட்டாங்க."

எனக்கு அப்போதே நின்றுவிட்டது. அக்கா அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

"பேரு கூட சாதுதாம்மா. முன்பாதி குளோரின். பின்பாதி எறும்பு. எறும்பக் காய்ச்சி எடுத்த அமிலத்துக்கு லத்தீன்ல வச்ச பேருலேர்ந்து வந்துது."

"எறும்புன்னா கடிக்கத்தான செய்யும்?" என்றாள் அம்மா.

ஆனாலும் பைக்குள் கைவிட்டு எங்கள் வீட்டுத் திருச்செந்தூர் முருகனை எடுத்தாள். அவர் நிற்கும் அக்ரிலிக் பெட்டி இரண்டாகப் பிளந்திருந்தது. "இத ஒட்டுவியா?" என்றாள். என்னைக் கூட்டிப்போக வந்தவள் இதை எதற்குத் தூக்கி வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

முகமூடி மாட்டி, காற்றை வெளியே இழுக்கும் ஃபேனைப் போட்டு ஒட்டினேன். விரிசல் கண்ணெதிரே மறைந்தது. அம்மா வாயைப் பிளந்துகொண்டு கிட்டே வந்து குனிந்தாள். முந்தானை எப்போதோ நழுவியிருந்தது. பதறிப்போய் அதை இழுத்து, பின்னாலிருந்து அவள் மூக்கில் அழுத்தினேன்.

"விடுலே, மூச்சு முட்டுது!" என்று திமிறினாள்.

"தோ, அப்பிடியே சினிமால வர்ற மாரியே கீது!" என்றார் அக்கா. அம்மா முந்தானைக்குள்ளேயே சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

சாயங்காலம் அவளை பஸ் ஏற்றிவிட்டேன். பைக்குள் முருகனும் பூஜைப் பொரியும் இருந்தன. என் சட்டை ஒன்றுகூட இல்லை.